உப்புமீன் பீப்பாய்ப் பூசை

யோஸுக்கு ஆண்டவர் புத்தியை அளந்து கொடுத்தார், அழகை எண்ணிக் கொடுத்தார், மூச்சை மட்டும் கை தவறிக் கொட்டிவிட்டார். அவன் ஒரு சுரத்தைப் பிடித்தானென்றால், பக்கத்தில் நிற்பவன் தும்மி, மூக்கைத் துடைத்து, துணியை மடித்துச் சட்டைக்குள் செருகிய பிறகும் அந்தச் சுரம் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

பூசைப் பாட்டுக்கு அப்படி ஓர் ஆள் வேண்டியிருந்தது. முற்காலத்தில் சாமியார்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே வரியைப் பாடிக் கும்பிட்டார்கள். ஆண்டவருக்கும் அது புரிந்தது. பாரீஸ்காரர் யாருக்கோ அது போதவில்லை. அந்த ஒற்றை வரியைப் பாகு போல இழுத்து ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, அதன் தலைமேல் இன்னொருவனைக் குதித்து விளையாட விட்டார். குதிக்கிறவர்கள் இரண்டானார்கள், மூன்றானார்கள். இப்போது நாலு பேர் நாலு தெருவில் புறப்பட்டுப் போய்க் கடைசியில் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அதற்குக் கலை என்று பெயர். நடுவில், இழுத்த வரியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறவனுக்குத் தெனோர் என்று பெயர். பந்தல்கால் மாதிரி. பந்தலுக்குள் வந்தவன் எவனும் இதுவரை, "அடடா, என்ன கால்!" என்று சொன்னதில்லை.

புரூஜ் நகரத்தில், மீன்சந்தைக்குப் பின்னாலிருந்த கோயிலில், இருபது வருஷத்துக்கு மேலாக யோஸ்தான் அந்தக் கால். சாமியார் பட்டங்களில் சின்னப் பட்டம் மட்டும் வாங்கியவன். கல்யாணம் செய்துகொள்ளத் தடையில்லை, பிரசங்கம் செய்ய அனுமதியில்லை. வீட்டிலும் அதே ஏற்பாடுதான். பாடகன் இடத்தோடு கோயில் சந்தில் ஒரு வீடு கிடைத்திருந்தது. அதன் முன்னறையில் அவன் மனைவி கதலீன் பீர் விற்றாள். பாடகன் இடம் போனால் வீடு போகும், வீடு போனால் கடை போகும். கதலீனுக்கு லத்தீன் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் இந்தக் கணக்கு மனப்பாடம்.

அவர்கள் இருவரைப் பற்றி ஊரில் ஒரு பாட்டு உண்டு. அதன் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில், ஒரு பனிக்காலத்தில், வில்லாளிகள் சங்க விருந்தில் பாடப் போன யோஸ், பாடியதைவிட அதிகமாகக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கதவு தாழிட்டிருந்தது. வேறு எவனாக இருந்தாலும் கத்தியிருப்பான், கதவை உதைத்திருப்பான். இவன் பாடகன், கெஞ்சினாலும் மெட்டோடுதான் வரும்.

"கதவைத் திறடி கதலீனே, காலு ரெண்டும் விறைக்குதடி!"

மேல்ஜன்னல் திறந்தது. கதலீனுக்கும் காது உண்டு. அதே மெட்டில், ஒரு சுரம் பிசகாமல், கரண்டியை ஆட்டிக்கொண்டு பதில் வந்தது.

"உப்புமீனுப் பீப்பா காலியாருக்கு, உள்ள போய்ச் சுருண்டுக்கடா!"

போய்ச் சுருண்டான். அடுத்த சில நாள் பாடகர் வரிசையில் அவனுக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டார்கள். அதற்குள் சந்து முழுக்க இந்தப் பாட்டு பரவி, சந்தைக்குப் போய், படகேறி, கெந்து நகரம் வரைக்கும் போய்விட்டது. போன இடமெல்லாம் அடி வளர்ந்தது. ஆறாவது அடியில் கதலீன் வேறொருவனோடு ஓடிப்போகிறாள். அதற்கு மட்டும் அவள் ஆட்சேபம் தெரிவித்தாள். அதில் வருகிறவன் தோல் பதனிடுகிறவனாம், அவளுக்கு அந்த நாற்றம் ஆகாதாம்.

தெருவில் நடக்கும்போது பின்னாலிருந்து இந்த மெட்டு கேட்டால் யோஸ் திரும்பிப் பார்க்கமாட்டான். காது மட்டும் சிவக்கும். கோயிலுக்குள் நுழைந்ததும் ஆறிவிடும். இந்த ஊரில் அந்தப் பாட்டு நுழையாத ஒரே இடம் அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

நம் பிரபு நான்சிப் போர்க்களத்தில் பனியில் விழுந்து செத்த பிறகு ஊரில் எல்லாம் மாறியது, கோயிலிலும் மாறியது. பிரெஞ்சு பேசும் திழோன் நகரத்திலிருந்து ஒரு பெரிய சாமி தலைமைக்கு வந்தார். நம் பேச்சு அவருக்குத் தெரியாது; கற்றுக்கொள்வது தம் தகுதிக்குக் குறைவு என்பது மட்டும் தெரியும். வந்ததும் பாடகர்களை வரிசையாக நிற்கவைத்துக் குதிரைச் சந்தையில் பார்ப்பதுபோல் பார்த்தார். யோஸின் நரைத்த தலைக்கு முன் கொஞ்சம் கூடுதலாக நின்றார். அடுத்த மாதமே கம்ப்ரேயிலிருந்து சிமோன் என்று ஒரு வாலிபன் வந்து விருந்தினர் அறையில் தங்கினான். எதற்கு வந்திருக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. அவனும் தெனோர் என்பதை மட்டும் சொன்னார்கள். பாதுகாவலர் திருவிழாப் பூசையில் யோஸைக் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகப் பெரிய சாமி பெருந்தன்மையோடு அறிவித்தார்.

திருவிழாவுக்குப் புதுப் பூசைப் பாட்டு எழுதியவர் பாட்டு வாத்தியார் கிலிஸ். அவரும் ஊருக்குப் புதியவர், திறமைசாலி. தாம் திறமைசாலி என்று பிறர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கும் பொறுமை மட்டும் அவரிடம் கிடையாது. அந்த நாளில் வாத்தியார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பூசைப் பாட்டுக்கு அடியில் போட ஒரு மெட்டு வேண்டுமென்றால் தெருவில் கிடப்பதை எடுத்துக்கொள்வார்கள். காதல் பாட்டு, சண்டைப் பாட்டு, குடிகாரன் பாட்டு, எதுவும் ஆகும். அதை மூன்று மடங்கு இழுத்துத் தெனோர் வாயில் போட்டுவிட்டால், பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. யார் பாட்டு என்று கேட்பது அநாகரிகம்.

ஒத்திகையில் பெரிய புத்தகத்தைத் தாங்கியில் விரித்து வைத்தார்கள். எல்லாரும் அந்த ஒன்றைச் சுற்றி நின்று, முன்னால் நிற்பவன் தோளில் தாளம் தட்டிக்கொண்டு பாட வேண்டும். தெனோருக்கு இடது பக்கத்துக் கீழ்மூலை. மேலே உள்ளவர்களுக்குப் பக்கம் கொள்ளாமல் எறும்புச் சாரை போல் சுரங்கள். யோஸுக்கு இரண்டே வரி. அதையே திரும்பத் திரும்பப் பாட வேண்டும்: முதலில் மூன்று மடங்கு நீட்டி, பிறகு இரண்டு மடங்கு, பூசை முடிவில் மூன்று தடவை வரும் செம்மறிப் பாட்டில், கடைசித் தடவை மட்டும் உள்ளது உள்ளபடி.

முதல் தடவை யோஸ் சந்தேகப்படவில்லை. யானையின் வயிற்றடியில் நிற்கிறவனுக்கு யானை தெரியாது. இரண்டாவது தடவை அடிக்குரல் பாடும் பாவெல்ஸ் அவன் தோளில் தாளம் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

"யோஸு," என்றான் காதருகில். "ஒன் வரிய கொஞ்சம் வெரசா மொணங்கிப் பாரு."

யோஸ் முனகினான். பாதியிலேயே காது சிவந்தது. கோயிலுக்குள் வைத்து அது சிவந்தது அதுதான் முதல் தடவை.

"வாத்தியாரே, இந்த மெட்ட எங்கேருந்து புடிச்சீங்க?"

"சந்தைல மீன் எறக்குறவனுங்க சீட்டியடிச்சுக்கிட்டிருந்தானுங்க. ஏன், நல்லாத்தானே இருக்கு? சுத்தமான மெட்டு. எவனோ படிக்காதவன் போட்டிருக்கான். போட்டவனுக்கு இதோட அருமை தெரிஞ்சிருக்காது."

"எப்பிடித் தெரியும்?" என்றான் பாவெல்ஸ். "பாவம், அவனுக்குக் குளிரு."

மற்றவர்கள் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஒத்திகை முடிந்ததும் யோஸ் வாத்தியாரைத் தூண் பக்கம் ஒதுக்கிக் கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னான். இருபது வருஷத்தில் அவன் அதைத் தன் வாயால் சொல்வது அதுவே முதல். கிலிஸ் கவனமாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, நீதானா அது! அப்போ மெட்ட நல்லாவே பாடுவ."

"வாத்தியாரே, கடைசிப் பாட்டுலயாவது இழுத்தே வச்சிருங்க. ஊரு கண்டுபுடிச்சிரும்."

"கண்டுபுடிக்கத்தான்யா வச்சிருக்கு! ரெண்டு வாட்டி ஒளிச்சு வச்சு மூணாவது வாட்டி தெறந்து காட்டுறேன். அந்த எடத்துலதான் இந்தப் பூசைக்கு உசிரே இருக்கு."

"என் உசிரு போற எடமும் அதுதான்."

கிலிஸ் அவன் தோளை அன்போடு தட்டினார். "ஒனக்கு முடியாதுன்னா சொல்லிரு, தப்பில்ல. சிமோன் சும்மாதான் ஒக்காந்திருக்கான்."

வீட்டில் கதலீன் பட்டாணிச் சூப்பில் பன்றிக்கால் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் வந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்தே கரண்டியை எடுத்து வெளியே வைத்தாள்.

"என்ன, மூஞ்சி வெந்துபோயிருக்கு? அந்த கம்ப்ரேக்காரன் பாடிட்டானா?"

"அவன் பாடல. நான்தான் பாடணும்." நடந்ததையெல்லாம் சொன்னான்.

கதலீன் சிரித்தாள். அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தாள். கடையில் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், விஷயம் தெரியாமலேயே மரியாதைக்காகச் சிரித்துவைத்தார்கள்.

"சிரிச்சு முடிச்சிட்டியா?"

"இரு, இன்னுங் கொஞ்சம் இருக்கு." இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏய்யா, நான் எழுதுன அடியும் பூசைல வருதா?"

"மெட்டு மட்டுந்தான் வருது. வார்த்தையெல்லாம் லத்தீன்."

"சே. நல்ல அடி."

"கதலீன், தொண்ட கட்டிக்கிச்சுன்னு சொல்லிட்டுப் படுத்துக்கட்டுமா?"

அவள் சிரிப்பு நின்றது. "இந்த வீடு யாருது?"

"கோயிலோடது."

"இந்த அடுப்பு?"

"கோயிலோடது."

"அந்தக் கம்ப்ரேக்காரனுக்குத் தொண்ட கட்டியிருக்கா?"

"இல்ல."

"அப்போ பாடு."

"ஊரே சிரிக்கும்டி."

"இத்தன வருசமா ஊரு அழுதுகிட்டா இருந்துச்சு? சந்தைல நின்னு சிரிச்சவன் கோயில்ல நின்னு சிரிக்கப் போறான். அவனுக்கு ஒரு கூரையாவது கெடைக்குது." சூப்பை ஊற்றி அவன் முன் வைத்தாள். "சாப்பிடு. காலி வயித்துல அவமானப்படாத."

யோஸ் இன்னொரு வழியும் யோசித்தான். கடைசிப் பாட்டிலும் பழையபடி இழுத்தே பாடிவிட்டால்? பாவெல்ஸிடம் கேட்டான்.

"இழு," என்றான் பாவெல்ஸ். "நீ இழுத்தா நாங்க மூணு பேரும் கெணத்துல விழுந்த பூனைங்கதான். பெரிய சாமிக்கு வேற என்ன வேணும்? அன்னைக்கே ஒன் சட்டி பானையத் தெருவுல வைப்பாரு. தூக்க நானும் கைகுடுக்குறேன், அதப் பத்திக் கவலப்படாத."

பாவெல்ஸ் நல்ல நண்பன். நல்ல நண்பர்களைப் போலவே அவனுக்கும் வாய் நிற்காது. திருவிழாவுக்கு முன்பே மீன்சந்தைக்குத் தெரிந்துவிட்டது, சாயக்காரர் தெருவுக்குத் தெரிந்துவிட்டது, படகுத்துறைக்கும் தெரிந்துவிட்டது. தங்கள் கல்யாணத்துக்குப் பிறகு கோயில் வாசலையே மிதிக்காத சுமைகூலிகள் குளித்துத் தலைவாரி வந்தார்கள். மீன்காரி மேய்கென் கடையை மூடிவிட்டு, பெரிய வியாழனுக்குக்கூட எடுக்காத நல்ல போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். நின்றால் நகர முடியாத கூட்டம். பாடகர் பகுதியில் தம் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த பெரிய சாமி, தடுப்புக்கதவு வழியாகக் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணை மூடி நன்றி செலுத்தினார். போன ஞாயிறு பிரெஞ்சில் தாம் செய்த பிரசங்கம் வீண்போகவில்லை.

பூசை தொடங்கியது. "ஆண்டவரே இரக்கமாயிரும்" வந்தது. யோஸ் முதல் சுரத்தைப் பிடித்தான், பிடித்துக்கொண்டே இருந்தான். மேல்குரல்கள் அவன்மேல் ஏறி ஓடின. கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஒன்றும் தெரியவில்லை. "உன்னதங்களிலே" வந்தது, விசுவாசப் பிரமாணம் வந்தது. அப்போதும் தெரியவில்லை.

"எங்கடி பாட்டு?" மேய்கென் கதலீனின் முழங்கையை இடித்தாள். "இதுக்கா கடைய மூடிட்டு வந்தேன்? ஒரு கூடை மீனு அழுகுது அங்க."

"பொறுத்துக்க மேய்கென். கறி வேக வேணாமா?"

இரண்டு செம்மறிப் பாட்டுகளும் முடிந்தன. மூன்றாவதற்கு முன் கொஞ்சம் இடைவெளி. யோஸ் நிமிர்ந்து பார்த்தான். தடுப்புக்கதவுக்கு அப்பால் கதலீனின் வெள்ளைத் தலைத்துணி தெரிந்தது. இந்தப் பக்கம் தூணோரமாகச் சிமோன் நின்றிருந்தான். கழுத்துப் பட்டை வெள்ளைவெளேரென்று இருந்தது, வாயைத் தயாராகக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தான், பிறர் தட்டிலிருந்து ஏதாவது விழுந்தால் கவ்விக்கொள்ளலாம் என்பதுபோல. பின்னாலிருந்து பாவெல்ஸின் விரல் தோளில் தட்டத் தொடங்கியது. இழுத்துப் பாடுவதா, உள்ளபடி பாடுவதா என்று யோஸ் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் மூச்சை எடுத்துவிட்டான். எடுத்த மூச்சை அவன் வாழ்நாளில் வீணாக்கியதில்லை.

உள்ளபடி பாடினான். அதுவும் சும்மா பாடவில்லை. பந்தல்காலுக்கு ஒருநாள் பூக்கட்டியது போல, இருபது வருஷமாக நீட்டி நீட்டியே பழகிய குரல், முதல்முதலாக ஒரு முழுப் பாட்டு கையில் கிடைத்ததும் அவனைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டது. மேல்குரல்கள் வழிவிட்டன. உலகத்தின் பாவங்களைப் போக்குகிற செம்மறிக்குட்டி, வில்லாளிகள் விருந்து முடிந்து, தள்ளாடிக்கொண்டு கோயில் சந்துக்குள் வந்தது.

முதலில் ஒரு சுமைகூலியின் மூக்கிலிருந்து சத்தம் வந்தது. அவன் தொப்பியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான். பிறகு வரிசை வரிசையாக, காற்றடித்த கம்பங்கொல்லை போல் ஜனங்கள் குனிந்தார்கள். கைகளில் முகத்தைப் புதைத்தார்கள். தோள்கள் குலுங்கின. மேய்கென் நல்ல போர்வையைத் தலைமேல் இழுத்து மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலிருந்து யாரோ, "உப்புமீனுப் பீப்பா..." என்று தொடங்கினான், பக்கத்திலிருந்தவன் அவன் வாயைப் பொத்தினான், பொத்தியவனுக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்தது. கதலீன் மட்டும் நிமிர்ந்து நின்றாள், பட்டத்து ராணி போல. அந்தப் பாட்டில் பாதிக்கு அவளும் ஆசிரியை அல்லவா.

கோயிலில் அந்தப் பாட்டு தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவர் ஆசனத்தின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

பூசை முடிந்து, உடை மாற்றும் அறையில் பாடகர்கள் சுவரோரம் நின்றார்கள். பெரிய சாமி உள்ளே வந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. யோஸுக்கு எதிரே வந்து நின்று பிரெஞ்சில் நிறையப் பேசினார். நடுவில் ஒருதரம் குரல் தழுதழுத்தது. யோஸ் சட்டி பானைகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். பேசி முடித்துவிட்டுப் பெரிய சாமி கிலிஸைப் பார்த்தார். கிலிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாமி சொல்றாரு... திழோன்லயும் சரி, பாரீஸ்லயும் சரி, ஜனங்க தங்க பாவத்த நெனச்சு இப்பிடிக் குலுங்கிக் குலுங்கி அழுது அவரு பாத்ததில்லையாம்."

பாவெல்ஸுக்கு இருமல் வந்துவிட்டது. வெளியே ஓடினான்.

"ஒன் குரல்ல ஏதோ இருக்காம். தலை நரைச்சத மட்டும் பாத்து எட போட்டது தன் தப்பாம். நீ கண்ண மூடுற வரைக்கும் ஒன் எடத்துல நீயே நிக்கலாமாம்."

யோஸின் கண்ணுக்குள் வீடு, அடுப்பு, முன்னறை எல்லாம் ஒரு சுற்று சுற்றித் திரும்பவும் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. குனிந்து பெரிய சாமியின் கையை முத்தி செய்தான்.

பெரிய சாமி இன்னொன்று கேட்டார். கிலிஸ் பதில் சொன்னார். பெரிய சாமி நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார்.

"என்ன கேட்டாரு?" என்றான் யோஸ்.

"அடியில இருந்த மெட்டு என்னன்னு கேட்டாரு. பாவி ஒருத்தன் வாசல்ல நின்னு கதவத் தொறக்கச் சொல்லிக் கெஞ்சுற பழைய பாட்டுன்னேன். பொய்யில்லையே?"

"பொய்யில்ல."

"அதனால இனிமே வருசா வருசம் திருவிழாவுக்கு இந்தப் பூசதானாம். தவக்காலத்துலயும் ஒரு வாட்டி. அவரு ஆயுசுக்கும், ஒன் ஆயுசுக்கும்."

யோஸ் சுவரில் சாய்ந்துகொண்டான். "தவக்காலத்துலயுமா?"

சிமோன் அந்த வாரமே கம்ப்ரேக்குத் திரும்பினான். ஜனங்களை அழவைக்கத் தனக்கு இன்னும் வயது போதாது என்று சொல்லி அனுப்பினார்களாம். கிலிஸை அடுத்த வருஷம் இத்தாலியில் ஒரு சிற்றரசர் விலைக்கு வாங்கிக்கொண்டார். நம் ஊரில் நன்றாகப் பாடுகிற எவனையும் அந்த ஊர்க்காரர்கள் விட்டுவைப்பதில்லை. பூசைப் பாட்டின் பிரதியும் அவரோடு மலையேறிப் போயிற்று.

யோஸ் வருஷத்துக்கு இரண்டு தடவை பாடினான். முதல் தவக்காலத்தில் கூட்டம் திருவிழாவைவிடப் பெரிது. கெந்திலிருந்து படகு வைத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷம் கொஞ்சம் குறைந்தது. மீன் இறக்குகிறவர்கள் சந்தையில் அதைச் சீட்டியடிப்பதைப் படிப்படியாக விட்டுவிட்டார்கள். பூசைப் பாட்டைச் சீட்டியடித்தால் மீன் படாது என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். நாலாவது திருவிழாவில் யோஸ் மூச்சை இழுத்து, கடைசிச் செம்மறிப் பாட்டைத் தொடங்கினான். யாரும் தொப்பியைக் கடிக்கவில்லை. மேய்கென் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒரு கம்பளி வியாபாரியின் விதவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையான கண்ணீர்.

யோஸ் அன்று வீட்டுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தான்.

"என்னவாம்?" என்றாள் கதலீன்.

"ஒருத்தனும் சிரிக்கல."

"நீ கேட்டது அதுதானே?"

"கேட்டேன். ஆனா ஒருத்தனுமா?" தாடையைத் தடவிக்கொண்டான். "கொரலு போயிருச்சோ என்னவோ."

"சிரிச்சா காதச் செவப்பாக்கிக்கிற, சிரிக்காட்டி மொகத்தத் தொங்கப்போட்டுக்கிற. ஒனக்கு எந்தச் சனத்தக் கொண்டாந்து நிறுத்துறது?" அவள் கை நிறையக் குவளைகளைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். "கழுவு. பூச முடிஞ்சு வர்றவனுக்குத் தாகம் எடுக்கும்."

யோஸ் எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனான். கழுவும்போது அந்த மெட்டை முனகவில்லை. அது இப்போது பூசைப் பாட்டு.